யாருக்குத் தெரியவந்தது என்று எழுதுங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், செய்திப் பிரிவில் இரவு கண்விழிக்கும் துணை ஆசிரியர்களுக்கும், மாவட்டம்தோறும் அலைந்து குற்றச் செய்தி சேகரிக்கும் நிருபர்களுக்கும் வணக்கம்.

நான் கீழமை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். காலையில் உங்கள் செய்தியைப் படித்துவிட்டு நீதிமன்றம் போய், அதே வழக்கின் முதல் தகவல் அறிக்கையையும், கைதானவரைக் காவலில் வைக்கக் கேட்டுப் போலீசார் கொடுக்கும் ரிமாண்ட் அறிக்கையையும் கையில் வாங்கிப் படிக்கிறவன். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நாள்தோறும் என் கண்ணில் படுகிறது. நீங்கள் பொய் எழுதுகிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் செய்திகளில் அப்பட்டமான பொய் அரிது. ஆனால் ஒரு தகவலைச் சொன்னது யார், எப்போது சொன்னார், விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கும்போது சொன்னார் என்ற மூன்றும் உங்கள் வாக்கியங்களின் கடைசிச் சொல்லில் காணாமல் போய்விடுகின்றன. அதனால் மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எந்த நாள் பேப்பரை எடுத்தாலும் கிடைக்கக்கூடிய ஒரு செய்தியின் வார்ப்பு இது: “நகைக்கு ஆசைப்பட்டு மூதாட்டியைக் கொன்றதாகக் கூறப்படும் வாலிபரைப் பிடித்து போலீசார் கிடுக்கிப்பிடி விசாரணை நடத்தி வருகின்றனர். விசாரணையில் அவருக்குக் கடன் தொல்லை இருந்தது தெரியவந்துள்ளது. இந்தச் சம்பவத்தில் மேலும் இருவருக்குத் தொடர்பு இருக்கலாம் எனத் தெரிகிறது.”

இந்த மூன்று வாக்கியங்களையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். “கூறப்படும்” என்றால் கூறியவர் யார்? புகார் கொடுத்த மகனா, பக்கத்து வீட்டுக்காரரா, இன்ஸ்பெக்டரா? “பிடித்து” என்றால் கைதா, இல்லையா? கைது என்றால் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் அவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அந்தக் கணக்கு எந்த நேரத்தில் தொடங்கியது என்று செய்தியில் இல்லை. கைது இல்லை என்றால், சந்தேக நபராக நோட்டீஸ் கொடுத்து அழைத்தார்களா, சாட்சியாக அழைத்தார்களா? இன்றைய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முதலாவதற்கு 35ஆம் பிரிவு, இரண்டாவதற்கு 179ஆம் பிரிவு. ஒருவர் நாளை குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம். மற்றவர் சாட்சிக் கூண்டில் ஏறுவார். “பிடித்து விசாரணை” என்ற சொல்லில் இரண்டு பேரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்கள்.

“தெரியவந்துள்ளது” என்பது இன்னும் கனமான சொல். தமிழில் ஒன்று “தெரியவந்தது” என்றால் அது உண்மை, இதுவரை மறைந்திருந்தது, இப்போது வெளிப்பட்டுவிட்டது என்றுதான் பொருள். உண்மையில் நடந்தது, காவல் நிலையத்தில் ஒரு அதிகாரி நிருபரிடம் சொன்னார் என்பது மட்டுமே. கடைசியில் வரும் “எனத் தெரிகிறது” போலீசின் ஊகமா, நிருபரின் ஊகமா, டீக்கடையில் கேட்டதா என்று அந்தச் செய்தியைப் பக்கத்தில் வைத்தவருக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் கிராமத்தில் “மேலும் இருவர்” யார் என்று எல்லோரும் அன்று மதியத்துக்குள் முடிவு செய்திருப்பார்கள்.

“கூறப்படுகிறது” என்று போட்டுவிட்டால் சட்டப்படி பாதுகாப்பு என்ற நம்பிக்கை செய்தி அறைகளில் பரவலாக இருக்கிறது. அவதூறுச் சட்டம் அப்படி இல்லை. இன்னொருவர் சொன்ன அவதூறை எடுத்து வெளியிடுவதும் வெளியிடுவதுதான். உங்களைக் காப்பாற்றக்கூடியது “மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர் சந்திப்பில் கூறினார்”, “முதல் தகவல் அறிக்கையில் இவ்வாறு உள்ளது” என்ற தெளிவான சொற்கள்தான். வாசகருக்குத் தேவைப்படுவதும் அவையே.

அடுத்து, நெடுநாளாக மனதை அறுக்கும் ஒரு விஷயம். போலீஸ் சொன்னால் “தெரியவந்தது”. இறந்தவரின் தாய் சொன்னால் “குற்றம்சாட்டுகிறார்”. போலீஸ் சொன்னால் அது நடந்த நிகழ்ச்சியாக எழுதப்படுகிறது. குடும்பம் சொன்னால் அது புகாராக, சந்தேகமாக, “உறவினர்கள் வாக்குவாதத்தில் ஈடுபட்டதால் பரபரப்பு” என்பதாக எழுதப்படுகிறது. இரண்டு தரப்புமே ஒரு கூற்றைத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லைக் கொடுப்பதற்கு ஏன் கை வருவதில்லை?

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையம் கொண்டுபோனார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் 22ஆம் தேதி இரவும் 23ஆம் தேதி காலையும் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்பது போலீசார் எழுதிவைத்த முதல் தகவல் அறிக்கையின் கதை. முதல் நாள்களின் செய்திகளில் “மூச்சுத்திணறல்”, “உடல்நலக்குறைவு” என்ற சொற்களே நடமாடின. அவை அரசுத் தரப்பின் சொற்கள். கூற்று என்ற அடையாளம் இல்லாமல், மரணத்தின் காரணமாகவே அவை வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதித்துறை நடுவர் நேரில் காவல் நிலையம் போனார். இரவு முழுக்க அடித்தார்கள், மேசையிலும் லத்தியிலும் இரத்தக் கறை இருந்தது என்று ஒரு பெண் தலைமைக் காவலர் சாட்சி சொன்னார். சிபிஐ வழக்கைக் கையில் எடுத்து, காவல் துறையினர் மீது கொலைக் குற்றச்சாட்டு வைத்தது. அந்தப் பெண் காவலர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் “உடல்நலக்குறைவு” அப்படியே நின்றிருக்கும் என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது.

ஐந்து வருடம் கழித்து, 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். காரில் இருந்த நகை காணாமல் போனதாக ஒரு புகார்; அதற்காக “விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்”. தப்பியோட முயன்றபோது கீழே விழுந்தார், வலிப்பு வந்தது என்பது போலீசாரின் முதல் கதை. உடற்கூராய்வில் 44 காயங்கள். நான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம், இரண்டிலும் முதல் வாக்கியத்தின் அமைப்பு ஒன்றே என்பதுதான். “உருண்டு புரண்டதால்”, “முயன்றபோது தவறி விழுந்து.” தள்ளியவர் யாரும் இல்லாத வாக்கியம் அது. அடித்தவருக்கு அதில் இடமே கிடையாது.

அந்த வாக்கியத்தை நீங்கள் வாரத்துக்கு எத்தனை முறை அச்சிடுகிறீர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். “போலீசாரைக் கண்டதும் பாலத்திலிருந்து குதித்து ஓட முயன்றபோது தவறி விழுந்ததில் கை முறிந்தது. அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போடப்பட்டது.” கூடவே மாவுக்கட்டோடு ஒரு புகைப்படம். “கழிவறையில் வழுக்கி விழுந்தார்” என்பது இதன் இன்னொரு வடிவம். காவல் நிலையக் கழிவறைகளில் கைதானவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025இல் கேட்டுவிட்டது. நீதிபதிகளுக்கு வந்த கேள்வி, அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்த துணை ஆசிரியருக்கும் வந்திருக்கும். வந்த கேள்வியை வாசகருக்குக் கடத்த அதிகம் வேண்டாம். “தவறி விழுந்தார் என்று போலீசார் கூறினர். நடுவர் முன் நிறுத்தப்பட்டபோது அவர் என்ன சொன்னார் என்பது தெரியவில்லை.” அவ்வளவு போதும். காயத்தோடு வரும் கைதியிடம் நடுவர் எப்படிக் காயம் ஏற்பட்டது என்று கேட்பார், கேட்டதைப் பதிவு செய்வார். அது நீதிமன்றப் பதிவு. நிருபர் ஒரு நடை வந்து விசாரித்தால் கிடைத்துவிடும்.

வாக்குமூலத்துக்கு வருகிறேன். “போலீசாரிடம் அளித்த பரபரப்பு வாக்குமூலத்தில்…” என்று தொடங்கி, தன்மையிலேயே முழுக் கதையும் வரும்: “நான் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றேன். பிறகு உடலைக் கிணற்றில் வீசினேன்.” மேற்கோள் குறிக்குள் இருப்பதால் அந்த ஆள் உங்கள் நிருபரிடம் வாய்விட்டுச் சொன்னதுபோலவே இருக்கும். அதை எழுதியவர் ஒரு காவல் அதிகாரி, எழுதிய இடம் காவல் நிலையம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. ஆங்கிலேயர் காலத்துச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வாக்குமூலத்தின் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரலாம். மிச்சம் எதற்கும் மதிப்பு இல்லை. ஆங்கிலேய அரசுகூட தன் போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று அறிந்துதான் அந்த விதியை வைத்தது. நீதிபதி கணக்கில் எடுக்கக் கூடாத ஒன்றை, சாட்சி சொல்லப்போகிற ஊர் மக்கள் எல்லோரும் முதல் நாளே படித்துவிடுகிறார்கள். பிறகு நான் குறுக்கு விசாரணை செய்யும்போது சாட்சி சொல்வது அவர் கண்ணால் கண்டதா, பேப்பரில் படித்ததா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல வருவதில்லை.

புகைப்படமும் அப்படித்தான். முன்பின் தெரியாத ஆள் செய்த வழிப்பறி என்றால், சிறைக்குள் அடையாள அணிவகுப்பு நடத்தி, பாதிக்கப்பட்டவர் அவரைப் பலருக்கு நடுவில் அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு முன் முகம் பேப்பரில் வந்துவிட்டால் அந்த அணிவகுப்பின் மதிப்பு போச்சு. உண்மையான திருடன் இதனால் தப்பியதையும் பார்த்திருக்கிறேன். ஆக, நான் என் கட்சிக்காரருக்காக மட்டும் பேசவில்லை. நகை பறிகொடுத்த அந்த அம்மாவுக்காகவும் பேசுகிறேன்.

என்னிடம் வந்த ஓர் இளைஞரின் நிலையைச் சொல்கிறேன். கொலையுண்டவரின் போனில் கடைசியாகப் பேசிய எண்களில் அவருடைய எண்ணும் இருந்தது. பைக் வாங்குவது பற்றிப் பேசியிருக்கிறார். போலீசார் அழைத்துக் கேட்டுவிட்டு அன்றிரவே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு பத்திரிகையில், ஊர்ப் பெயரோடு, “கொலை வழக்கில் வாலிபர் சிக்கினார்?” என்று தலைப்பு. அந்தக் கேள்விக்குறி தங்களைக் காப்பாற்றும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். தலைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் யாரும் கேள்விக்குறியைச் சேர்த்து வாசிக்கவில்லை. அவருக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. குற்றப்பத்திரிகை வந்தபோது அவர் அரசுத் தரப்புச் சாட்சி. கையில் அந்தக் குற்றப்பத்திரிகையின் நகலை வைத்துக்கொண்டு, “இதைக் கொண்டுபோய் யார்கிட்ட சார் காட்டுறது?” என்று கேட்டார். அந்தப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னேன். எழுதினார். பதில் இல்லை.

“சந்தேக மரணம்” பற்றியும் ஒரு வார்த்தை. தற்கொலை, விபத்து, தெரியாத காரணம் என இயற்கையல்லாத எந்தச் சாவிலும் போலீசார் பதிவு செய்யும் வழக்கமான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, இப்போதைய நடைமுறைச் சட்டத்தில் 194. கிணற்றில் வழுக்கி விழுந்த பாட்டிக்கும் அதே பிரிவுதான். “சந்தேக மரணம் என வழக்குப்பதிவு செய்து போலீசார் விசாரணை” என்று நீங்கள் போடும்போது, படிக்கிறவர் அந்த வீட்டு மருமகளைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். அது வழக்கமான நடைமுறை என்று அரை வரி சேர்த்துவிடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் ஒரே சொல்லை வைத்து மாதக்கணக்கில் தமிழ்நாடு பேசியது. 2024 டிசம்பர். குற்றவாளி போனில் யாரையோ “சார்” என்று அழைத்துப் பேசினார் என்ற தகவல் வெளியே வந்தது. “யார் அந்த சார்?” என்ற கேள்வி சுவரொட்டியாகி, சட்டமன்றம் வரை போனது. கேள்வி கேட்டதில் தவறே இல்லை. ஒரு மாணவிக்கு வளாகத்துக்குள் நடந்த கொடுமையில் இன்னொருவருக்குப் பங்கு உண்டா என்று கேட்காமல் வேறு எதைக் கேட்பது? ஆனால் செய்திகள் அந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டன? ஒரே நாளில் ஓர் இடத்தில் “மேலும் ஒருவருக்குத் தொடர்பு எனத் தகவல்”, இன்னோர் இடத்தில் “ஒருவர் மட்டுமே எனப் போலீஸ் திட்டவட்டம்.” முதலாவது எதை அடிப்படையாகக் கொண்டது? முதல் தகவல் அறிக்கையின் வாசகமா, அதற்கு யாரோ கொடுத்த விளக்கமா? இரண்டாவது எந்த ஆதாரத்தில் சொல்லப்பட்டது, விசாரணை தொடங்கிய சில நாள்களிலேயே அப்படி அடித்துச் சொல்ல முடியுமா? இந்த இரண்டாவது கேள்வியையும் அதே வேகத்தோடு கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. போனில் உண்மையாகவே ஒருவர் இருந்தாரா, அல்லது பயமுறுத்துவதற்காகப் பேசுவதுபோல் நடித்தாரா என்ற இரண்டு சாத்தியங்களும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்த செய்தியைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. 2025 மே மாதம் சென்னை மகளிர் நீதிமன்றம் ஞானசேகரனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்த நாளில், சம்பவ நேரத்தில் அவர் போன் ஃப்ளைட் மோடில் இருந்ததாகத் தடயவியல் ஆய்வில் வந்தது என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். அதைக் கேட்டும் திருப்தியடையாதவர்கள் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தத் தகவலை யார், எதன் அடிப்படையில் சொன்னார் என்பது தெளிவாக இருந்ததால், ஏற்பதா மறுப்பதா என்று ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய முடிந்தது. தொடக்கத்திலிருந்தே எல்லாத் தகவலும் அப்படி வந்திருக்கலாம்.

அந்த வழக்கில் இன்னொரு கொடுமை, மாணவியின் அடையாளம் உள்ள முதல் தகவல் அறிக்கை வெளியில் கசிந்தது. உயர் நீதிமன்றம் பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பெயரைத் தவிர்த்துவிட்டு, தெருவையும் தகப்பனார் தொழிலையும் படிக்கும் வகுப்பையும் போடுவது பெயரைப் போடுவதேதான். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

பழைய உதாரணம் வேண்டுமென்றால் நம்பி நாராயணன். 1994இல் இஸ்ரோ உளவு வழக்கு என்று கைது. “ரகசியம் விற்ற விஞ்ஞானி” என்ற சித்திரத்தைப் போலீஸ் வட்டாரத் தகவல்களை வைத்துப் பத்திரிகைகள் தீட்டின. 1996இல் சிபிஐ குற்றச்சாட்டு பொய் என்றது. 50 லட்சம் இழப்பீடு கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல். அவர் அறியப்பட்ட விஞ்ஞானி, போராடத் தெரிந்தவர். 24 வருடம் ஆனது. பைக் வாங்கப் பேசிய பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. தாலுகா நிருபருக்கு மாதச் சம்பளம் இல்லை. வந்த செய்திக்குத் தான் காசு. இன்ஸ்பெக்டரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த செய்தி கிடைக்காது. இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் போலீஸ் குறிப்பு வரும், பத்து மணிக்குப் பக்கம் போயாக வேண்டும். ஆகவே இந்த மடல் நிருபரைவிட, மேசையில் உட்கார்ந்து வாக்கியத்தை முடித்துவைக்கும் உங்களுக்கே அதிகம். நிருபர் “போலீஸ் சொன்னாங்க” என்றுதான் உங்களிடம் சொல்கிறார். “தெரியவந்துள்ளது” என்று மாற்றுவது மேசையில்தான் நடக்கிறது.

காவல் துறையையும் விட்டுவிடவில்லை. விசாரணை நடக்கும்போது ஊடகத்திடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று விதிமுறை வகுக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய உள்துறைக்கு உத்தரவிட்டது. அதைவிடப் பழையது, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டின் உத்தரவு. பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. மற்றவை தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. அதைத் திறந்து பார்த்து, “முதல் தகவல் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படவில்லை” என்றோ “இந்தப் பிரிவுகளில் வழக்கு” என்றோ எழுத ஐந்து நிமிடம் போதும்.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. பேச்சாளர் இல்லாத “கூறப்படுகிறது”, “தெரிகிறது” இரண்டையும் குற்றச் செய்திகளில் அறவே நிறுத்திவிடுங்கள். யார் பெயரையும் சொல்ல முடியாத தகவல் என்றால், பெயர் வெளியிட விரும்பாத காவல் அதிகாரி என்றாவது எழுதுங்கள். பிடித்து விசாரணையா, கைதா, நீதிமன்றக் காவலா, போலீஸ் காவலா என்பதைத் தேதியோடும் நேரத்தோடும் போடுங்கள். காவலில் ஒருவர் இறந்தால் முதலில் தேடப்படும் ஆதாரம் அந்த நேரமே. தீர்ப்புக்கு முன் “கொலையாளி”, “குற்றவாளி” வேண்டாம். தாய் சொன்னதற்கும் டிஎஸ்பி சொன்னதற்கும் “கூறினார்” என்ற ஒரே சொல் போதும்.

கடைசியாக ஒன்று. கைதுச் செய்தி நாலு பத்தியில் படத்தோடு வருகிறது. விடுதலைச் செய்தி வருவதே இல்லை. ஒருவர் பெயரையும் படத்தையும் கைதின்போது வெளியிட்டிருந்தால், அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்படும்போதோ விடுதலையாகும்போதோ அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடுவோம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு விதியாக அறிவியுங்கள். தீர்ப்பு நகல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மாவட்டத்துக்கு ஓர் ஆளை நியமித்து என்னைப் போன்ற வழக்கறிஞர்களிடம் அனுப்புங்கள். விடுதலையான ஒவ்வொரு வழக்கின் எண்ணையும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகைகளைத் தினமும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் ஒரு வழக்கறிஞர்